மூடாத கோடு

ஜூலை 18, வியாழன்

ஆடி பிறந்து இரண்டு நாள்தான் ஆகிறது. நல்ல காரியம் எதையும் யாரும் பேச மாட்டார்கள், ஒரு மாதம் நிம்மதி என்று நினைத்திருந்தேன். மதியம் மகள் கௌசிகா கோயமுத்தூரிலிருந்து ஒரு படத்தைப் போர்வையில் சுற்றித் தூக்கிக்கொண்டு பேருந்தில் வந்து இறங்கினாள். நாலரை அடிக்கு மூன்றடி. கோபி வரைக்கும் அதைச் சீட்டில் உட்காரவைத்துவிட்டு இவள் நின்றுகொண்டே வந்திருக்கிறாள்.

வரைந்தவன் வேலவன். இவள் கட்டிக்கொள்வேன் என்று சொல்கிற பையன். ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர், மற்ற நேரத்தில் இந்த மாதிரிப் படங்கள். ஆனி மாதம் ஒரு தடவை வந்து எங்கள் ஹாலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டுப் போனான். நான் சொன்ன எல்லாவற்றுக்கும் "சரிங்க மாமா" என்றான். படம் வரைந்து குடும்பம் நடத்த முடியாது என்றேன். அதற்கும் சரிங்க மாமா. பிறந்ததிலிருந்து ஒரு தடவையாவது யாரிடமாவது முடியாது என்று சொல்லியிருப்பானா என்று மயிலாத்தாளிடம் கேட்டேன். என் மனைவி எப்போதும் எதிர்க்கட்சி. இந்த வீட்டுக்கு அப்படி ஒரு ஆள்தான் சரிப்பட்டு வரும் என்றாள்.

ஆடி முடிந்ததும் சம்மதமா இல்லையா என்று சொல்வதாக நான் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதற்குத்தான் மகள் இப்போது நிபந்தனை வைக்கிறாள். அதுவரைக்கும் இந்தப் படம் ஹாலில் தொங்க வேண்டும், நான் தினமும் பார்க்க வேண்டும். "நீங்க என்ன சொன்னாலும் கேட்டுக்கறேங்கப்பா. ஆனா பாத்துட்டுச் சொல்லுங்க" என்றாள். அவளுக்குக் கண் ஆஸ்பத்திரியில் பார்வை பரிசோதிக்கிற வேலை. மற்றவர்களிடம் எழுத்தைக் காட்டி என்ன தெரிகிறது என்று கேட்டுப் பழகியவள், இப்போது அப்பனிடமே ஆரம்பித்துவிட்டாள்.

ஆணி அவளே அடித்தாள். நான் ரசமட்டம் வைத்துப் பார்த்து, இடது பக்கம் அரை சென்டிமீட்டர் ஏற்றினேன்.

ஜூலை 19, வெள்ளி

சர்வேயராக இருந்தபோது மாதாமாதம் நாட்குறிப்பு எழுதித் தாலுகா ஆபீசில் கொடுக்க வேண்டும். எங்கே போனோம், எதை அளந்தோம், எத்தனை கல் நட்டோம் என்று. ஓய்வு பெற்று ஆறு வருடம் ஆகிறது. இப்போது கேட்பதற்கு ஆள் இல்லாவிட்டாலும் கை நிற்கமாட்டேன் என்கிறது. ஆகவே பொருளை முறைப்படி பதிவு செய்கிறேன்.

படம் முழுக்க அரிசி களைந்த தண்ணீரின் நிறம். அதில் ஒரே ஒரு செங்காவிக் கோடு. இடது கீழ் மூலையில் தொடங்கி மேலே ஏறி, வளைந்து நெளிந்து படத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. உள்ளே வலது பக்கம் கட்டைவிரல் அளவுக்கு மஞ்சள் திட்டு. அவ்வளவுதான். ஆள் இல்லை, மரம் இல்லை, வடக்கு எந்தப் பக்கம் என்ற குறிகூட இல்லை. பின்னால் திருப்பிப் பார்த்தேன். 'தலைப்பில்லை, 7' என்று எழுதியிருக்கிறது. இதற்கு முன்பே ஆறு பிள்ளைகளுக்குப் பெயர் வைக்காமல் விட்டிருக்கிறான்.

பத்து நிமிடம் பார்த்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

ஜூலை 22, திங்கள்

பார்த்தேன். எதிர்வீட்டு ரங்கநாயகி டீச்சரும் வந்து பார்த்தார். உயிரியல் பாடம் எடுத்தவர். பெருங்குடல் என்றார். மயிலாத்தாளுக்கு நிறம் பிடித்திருக்கிறது, தூசு படிந்தாலும் தெரியாதாம்.

ஜூலை 25, வியாழன்

இன்று ஒன்று கண்டுபிடித்தேன்.

சும்மா பார்ப்பதற்கு எனக்குத் தெரியாது. ஒரு நிலத்தைப் பார்ப்பதென்றால் அதன் எல்லையில் நடக்க வேண்டும். ஆகவே இடது கீழ் மூலையில் விரலை வைத்து, படத்தைத் தொடாமல், கோட்டின் மேலேயே ஒரு சுற்று நடந்தேன். மேலே போனேன், மஞ்சள் திட்டைத் தாண்டினேன், கீழே இறங்கினேன், தொடங்கிய இடத்துக்குப் பக்கத்தில் வந்தேன். கோடு நின்றுவிட்டது. தொடங்கிய இடத்தோடு சேரவில்லை. நடுவில் ஒரு சந்து. டேப் வைத்து அளந்தேன். எட்டு சென்டிமீட்டர்.

எங்கள் தொழிலில் ஒரே ஒரு விதிதான். எந்தக் கல்லிலிருந்து அளக்கத் தொடங்கினோமோ, சுற்றி வந்து அதே கல்லில் முடிய வேண்டும். முடியவில்லை என்றால் எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது, திரும்பவும் நடக்க வேண்டும். முப்பத்து நாலு வருடத்தில், நிலத்தை அளந்து வரைந்த ஒரு புலப்படத்தையும் நான் மூடாமல் மேலதிகாரி மேஜைக்கு அனுப்பியதில்லை. இந்தப் பையன் கை வலித்ததோ என்னவோ, வீட்டு வாசல் வரைக்கும் வந்துவிட்டு உள்ளே போகாமல் நின்றுவிட்டான்.

ஜூலை 29, திங்கள்

என் நாற்காலியை ஜன்னல் பக்கத்திலிருந்து படத்துக்கு எதிரே மாற்றிப் போட்டேன். ஃபேன் காற்று அங்கேதான் நன்றாக வருகிறது. படத்துக்காக இல்லை.

ஜூலை 31, புதன்

சாயங்காலம் நாலரை மணிக்கு மேற்கு வெயில் விழும்போது அந்த மஞ்சள் திட்டு வேறு மாதிரி ஆகிறது. யாரோ உள்ளே விளக்குப் போட்டிருப்பதுபோல. நாலே முக்காலுக்குப் போய்விடும். மயிலாத்தாள் காபியை அந்த நேரத்துக்குக் கொண்டுவந்ததால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. காபியை ஐந்து மணிக்கு மாற்றச் சொன்னேன். ஏன் என்று கேட்டாள். உடம்புக்கு நல்லது என்றேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பதினெட்டு. கௌசிகா வந்திருந்தாள். மூன்று பேரும் கொடிவேரி அணைக்குப் போய்க் குளித்துவிட்டு வந்தோம். தண்ணீர் நல்ல வேகம்.

மதியம் சாப்பிடும்போது படத்தில் இருக்கிற அந்தச் சந்தைப் பற்றிக் கேட்டேன். அதை அப்படியேதான் பார்க்க வேண்டும் என்றாள். பிறகு ரசம் ஊற்றிக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். வேலவனுக்குக் குஜராத்தில் ஒரு கலைக் கல்லூரியில் மேல்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறதாம். கல்யாணம் நடந்தால் இரண்டு பேரும் அங்கே போவார்களாம். குறைந்தது இரண்டு வருடம். அவளுக்கு அங்கேயே ஒரு ஆஸ்பத்திரியில் வேலையும் பார்த்து வைத்தாகிவிட்டது.

நல்லது என்று சொன்னேன். ரயிலில் ஒன்றரை நாள் ஆகும். இந்தக் காலத்தில் அதெல்லாம் ஒரு தூரமே இல்லை. ரசத்தில் உப்புக் குறைவு.

ஆகஸ்ட் 5, திங்கள்

முற்பகல்: ஒன்றுமில்லை. பிற்பகல்: பென்சில் சீவினேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

எழுதிவிடுகிறேன், யார் பார்க்கப் போகிறார்கள். அந்தச் சந்தில் பென்சிலால் புள்ளி வைத்தேன். எட்டே எட்டுப் புள்ளி. எங்கள் வரைபடங்களில் புள்ளிக் கோடு என்றால் உத்தேசம் என்று பொருள், இன்னும் முடிவாகவில்லை. வேண்டாம் என்றால் ரப்பர் எடுத்துவிடும். இதனால் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தேன். மனதுக்குக் கொஞ்சம் தேவலை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

மயிலாத்தாள் கோயிலுக்குப் போயிருந்தாள். பிற்பகல்: சிறு பணி. முடிந்தது.

ஆகஸ்ட் 10, சனி

காலையில் மயிலாத்தாள் என் வலது கை ஆள்காட்டி விரலைப் பார்த்துவிட்டு, பீட்ரூட் நறுக்கினீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். வீட்டில் பீட்ரூட் வாங்கி ஒரு மாதம் ஆகிறது என்பது எனக்குப் பிறகுதான் ஞாபகம் வந்தது. அவள் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவள் பேசாமல் போனால்தான் எனக்குப் பயம்.

சிவப்பு மைதான். புலப்படத்தில் புதிதாகப் போடும் கோடுகளைச் சிவப்பு மையில்தான் போடுவோம். பழைய புட்டி ஒன்று பீரோவில் இருந்தது. கடைசியில் இரண்டு சொட்டு செருப்பு பாலீஷைக் கலந்தபோது அசல் செங்காவியே வந்துவிட்டது. கோடு இப்போது தொடங்கிய இடத்தில் வந்து முடிகிறது. உள்ளே இருப்பது உள்ளே இருக்கிறது.

ஆகஸ்ட் 12, திங்கள்

ரப்பர் வைத்துப் பார்த்தேன். போகவில்லை. ஈரத்துணி வைத்துப் பார்க்கலாமா என்று யோசித்து, அரிசித் தண்ணீர் நிறமும் சேர்ந்து போய்விட்டால் என்ன செய்வது என்று விட்டுவிட்டேன்.

ஆகஸ்ட் 14, புதன்

ஞாயிற்றுக்கிழமை பையன் வீட்டார் வருகிறார்கள். நான் சம்மதம் சொன்னால் அன்றைக்கே உப்பு சக்கரை மாற்றிக்கொள்வது என்று பேச்சு. தட்டில் உப்பும் சக்கரையும் வைத்து இரண்டு வீடும் கை மாற்றிக்கொண்டால் எங்கள் பக்கத்தில் வார்த்தை உறுதியான மாதிரி, அதற்குப் பிறகு யாரும் பேச்சு மாற முடியாது.

படத்துக்கு முன்னால் என்னென்ன வைக்கலாம் என்று பார்த்தேன். நாட்காட்டி சின்னது. குத்துவிளக்கு எட்டாது. ஒரு தென்னங்கன்றைத் தொட்டியோடு கொண்டுவந்து வைத்துப் பார்த்தேன். ஹாலில் எதற்குத் தென்னங்கன்று என்று மயிலாத்தாள் கேட்டாள். மங்களம் என்றேன். வாழை மரமாகவே கட்டிவிடலாமே என்றாள்.

ஆகஸ்ட் 16, வெள்ளி

முடிவு எடுத்துவிட்டேன். சம்மதம் சொல்லப் போகிறேன். இல்லை என்று சொன்னால் படத்தைக் கழற்றி எடுத்துப் போவான், அப்போது பார்த்துவிடுவான். சம்மதம் என்றால் அந்தச் சந்தோஷத்தில் சுவரை யார் பார்க்கிறார்கள்? முடிவுக்கு இது மட்டும்தான் காரணம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு வேலவனும் அவன் அம்மாவும் தாய்மாமனும் வந்தார்கள். வேலவன் எங்களைக் கும்பிட்டான், செருப்பை ஓரமாக விட்டான், உள்ளே வந்து நேராகப் படத்துக்கு எதிரே போய் நின்றான். தென்னங்கன்றை ஒரு கையால் நகர்த்தினான். குனிந்தான். அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நான் நின்ற அந்த அரை நிமிடத்தில் எனக்கு வேர்த்துவிட்டது.

"மாமா, இது யாருங்க போட்டது?"

கௌசிகா ஓடி வந்து பார்த்தாள். மயிலாத்தாள் காபித் தட்டையே பார்த்தாள். நான்தான் என்றேன். பிறகு வாய் நிற்கவில்லை. தொடங்கிய கல்லில் முடிய வேண்டும் என்பதிலிருந்து முப்பத்து நாலு வருடம் வரைக்கும் முழுதாகச் சொன்னேன். சொல்லி முடித்துவிட்டு, அவனுடைய "சரிங்க மாமா"வுக்காகக் காத்திருந்தேன்.

"இல்லீங்க மாமா" என்றான். "அது உங்க இடம் இல்லீங்க. நீங்க அதுல கை வெச்சிருக்கக் கூடாது."

குரலை உயர்த்தவில்லை. ஆனால் கண் என் கண்ணைவிட்டு நகரவில்லை. இதே வார்த்தையை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன். ராத்திரியோடு ராத்திரியாக எல்லைக்கல்லைப் பிடுங்கி இரண்டடி தள்ளி நட்டுவிட்டு, காலையில் ஒன்றும் தெரியாத மாதிரி நிற்பார்கள். அவர்கள் முகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். இன்று என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும்.

வெட்கமாக இருந்தது. கூடவே, இதை எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது, ஒரு சந்தோஷமும் வந்தது. பையனுக்கு முடியாது என்று சொல்லத் தெரிகிறது. அந்தச் சூட்டிலேயே, எனக்குக் கல்யாணத்துக்குச் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

"அப்பா, இப்ப யாரும் உங்க சம்மதத்தக் கேக்கல" என்றாள் கௌசிகா.

வேலவன் படத்தைச் சுவரிலிருந்து எடுத்தான். அவன் அம்மாவிடம் போகலாம் என்றான். வாசலில் திரும்பி, "நான் கொஞ்ச நாள் இதப் பாத்துட்டுச் சொல்றேனுங்க" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். கௌசிகாவும் அவர்களோடு அதே காரில் ஏறிப் போய்விட்டாள். தட்டில் உப்பும் சக்கரையும் அப்படியே இருக்கின்றன. நாற்பது பேருக்குச் செய்யச் சொன்ன மாதிரி மயிலாத்தாள் கேசரி செய்திருந்தாள். இரண்டு பேரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

ஆகஸ்ட் 19, திங்கள்

நாலரை மணிக்கு வெயில் வந்தது. சுவரில் ஆணி மட்டும் இருக்கிறது.

ஆகஸ்ட் 24, சனி

ஆறு நாளாக மகள் என்னிடம் பேசவில்லை. அம்மாவுக்குப் போன் வருகிறது. மயிலாத்தாள் சமையலறைக்குள் போய்ப் பேசிவிட்டு வந்து, உருளைக்கிழங்கு விலையைப் பற்றி மட்டும் என்னிடம் சொல்கிறாள்.

மன்னிப்புக் கடிதம் ஒன்று எழுதினேன். மூன்று முறை திருத்தியும் தாசில்தாருக்குக் கொடுக்கிற விளக்கம் மாதிரியே வருகிறது. கிழித்துப் போட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

நாற்காலியை ஜன்னல் பக்கமே மாற்றிவிடலாம் என்று தூக்கினேன். மயிலாத்தாள் வந்து அதன் மேல் கையை வைத்தாள்.

"நீங்க எதுக்கு அந்தக் கோட்டப் போட்டீங்கன்னு எனக்குத் தெரியும். அன்னிக்கு ரசத்துல உப்பு இல்லைன்னு சொன்னீங்களே, அப்பவே தெரியும். உப்பு சரியாத்தான் இருந்துச்சு" என்றாள். "எங்கிட்டச் சொல்ல வேண்டாம். அங்க போய்ச் சொல்லுங்க."

ஆகஸ்ட் 31, சனி

காலை ஏழு மணி பேருந்தில் ஏறி, பத்து மணிக்கெல்லாம் கோயமுத்தூர் சிங்காநல்லூரில் வேலவன் குடியிருக்கும் மாடியறையைக் கண்டுபிடித்துவிட்டேன். வாங்க மாமா என்றான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். அறை முழுக்கப் படங்கள். எங்கள் ஏழாம் எண் மட்டும் சுவரைப் பார்க்கத் திரும்பி நின்றது. தண்டனை கொடுத்து நிறுத்திவைத்த பிள்ளை மாதிரி அதைப் பார்க்க எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது.

வருகிற வழியெல்லாம் தயார் செய்துவைத்திருந்த பேச்சு ஒன்றும் வாயில் வரவில்லை. அவன்தான் கேட்டான், அந்த விதியெல்லாம் சரி, நிஜமாக எதற்காக மூடினீர்கள் என்று.

"கௌசிகா குஜராத்துக்குப் போறான்னு ஆடிப் பதினெட்டு அன்னிக்குத்தான் எனக்குத் தெரியும் தம்பி. அதுக்கப்புறம் அந்தச் சந்தப் பாக்கறப்பெல்லாம், அவ அது வழியாப் போயிருவான்னு தோணிட்டே இருந்துச்சு. அடைச்சுப்போட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அவன் எழுந்து போய்ப் படத்தைத் திருப்பி வைத்தான். பிறகு கொஞ்சம் கூச்சத்தோடு, அந்தச் சந்து எப்படி வந்தது என்று சொன்னான். வரைந்துகொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டதாம். மறுநாள் வந்து பார்த்தபோது, இப்படியே இருந்தால் என்ன என்று தோன்றியதாம். விட்டுவிட்டானாம். அவ்வளவுதான். ஒரு மாதம் நான் சோறு தூக்கம் இல்லாமல் மல்லுக்கட்டியது மின்வாரியத்தோடு.

"நான் விட்டதுக்குப் பெருசாக் காரணமே இல்லீங்க மாமா. நீங்க அடைச்சதுக்கு இருக்குது" என்றான். "ஆனாலும் கேட்டுட்டுச் செஞ்சிருக்கோணுமுங்க."

செஞ்சிருக்கோணும்தான் என்றேன். அழித்துவிடு, அல்லது மேலே அந்த வெள்ளையைப் பூசிவிடு என்றும் சொன்னேன். அவன் யோசித்துவிட்டு, வேண்டாம், இருக்கட்டும் என்றான். அப்படியானால் முறைப்படி செய்ய வேண்டும் என்று நான் பேனாவைக் கேட்டேன். சர்க்கார் பதிவேட்டில் யார் திருத்தம் செய்தாலும், திருத்தத்துக்குப் பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும் போட வேண்டும். இல்லாவிட்டால் அது மோசடி. எட்டு சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் எறும்பு அளவுக்கு ஒப்பம் போட்டேன். அவன் சிரித்தான். அவன் பற்களை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

கிளம்பும்போது, வர்றேன் மாப்ள என்றேன். தானாக வந்துவிட்டது.

செப்டம்பர் 8, ஞாயிறு

உப்பு சக்கரை மாற்றியாயிற்று. ஐப்பசியில் கல்யாணம். வேலவன் நடந்ததை எல்லாம் கௌசிகாவிடம் சொல்லிவிட்டிருக்கிறான். அவள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். ரெண்டு வருசந்தாங்கப்பா என்றாள். தெரியும் கண்ணு என்றேன். கேசரி இன்று மிச்சமில்லை.

செப்டம்பர் 28, சனி

கோயமுத்தூரில் வேலவனும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து கண்காட்சி வைத்திருக்கிறார்கள். மயிலாத்தாளும் நானும் போனோம். அவள் ஒரு சுற்று வேகமாக முடித்துவிட்டு, கௌசிகாவோடு ஃபேன் இருக்கிற இடத்தில் உட்கார்ந்துகொண்டாள். நான் ஏழாம் எண்ணுக்குப் பக்கத்திலேயே நின்றேன். யாராவது தொட்டுவிட்டால் என்ன செய்வது?

வருகிறவர்களில் பாதிப் பேர் இரண்டு விநாடி பார்க்கிறார்கள். ஒரு அம்மா, பெருங்குடல் மாதிரி இருக்கிறது என்று சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம்கூட வந்தது. பார்க்கத் தெரியாதவர்கள்.

நாலு மணி வாக்கில் கையில் ஹெல்மெட்டோடு ஒருவர் வந்தார். என் வயதுதான் இருக்கும். மற்றவர்கள் மாதிரி நகரவில்லை. இடது கீழ் மூலையில் தொடங்கி, கண்ணாலேயே மெதுவாக ஒரு சுற்று நடந்தார். மேலே போனார், மஞ்சளுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார், கீழே இறங்கினார். என்னுடைய எட்டு சென்டிமீட்டருக்கு வந்ததும் கிட்டே குனிந்தார். பிறகு பக்கத்தில் நின்ற என்னிடம் கேட்டார்.

"கோடு பூரா ஒரே சீராப் போகுதுங்க. இந்த எடத்துல மட்டும் கை நடுங்கியிருக்குது. ஏனுங்க அப்படி?"

கண்ணாடியை மாட்டிக்கொண்டு நானும் குனிந்து பார்த்தேன். நடுங்கித்தான் இருந்தது. இத்தனை நாள் பார்த்தும் எனக்கு அது தெரியவில்லை.

"வர்ற ஐப்பசில மகளுக்குக் கல்யாணமுங்க" என்றேன்.

அவர் நிமிர்ந்து, ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டு, படத்தை மறுபடியும் முதலிலிருந்து பார்க்க ஆரம்பித்தார்.